பந்தயக் கார் சாலைக்கு வந்தால்...

"இந்தக் காரின் குதிரைத்திறன் எவ்வளவு?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். வகுப்பில் விசை, திறன் என்ற பாடத்தைத் தொடங்கியவுடன் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். "அந்தக் கார் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் என்ன ஆகும்?" என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பந்தயத்துக்காகச் செய்த காரைச் சாலைக் காராக மாற்றும் முயற்சிகளைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளிலும் இதே குறையைக் காண்கிறேன். எவ்வளவு வேகம், என்ன விலை, யார் வாங்கினார் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. மாற்றம் நன்றாகச் செய்யப்பட்டதா என்ற ஆராய்ச்சி அவற்றில் இல்லை.

புகழ்பெற்ற மூன்று மாற்றங்களை இங்கே எடுத்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டின் ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ்., 1967-ஆம் ஆண்டின் ஃபோர்டு ஜி.டி.40 மார்க் 3, 1975-இல் சாலைக்கு வந்த போர்ஷ 917 ஆகியவை அவை. மூன்றுமே பிரான்சு நாட்டின் லீ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்காகப் பிறந்த வடிவங்களின் வழித்தோன்றல்கள்.

விபத்தில் பிறந்த புகழ்

ஜாகுவாரின் டி-டைப் என்னும் பந்தயக் கார் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் லீ மானில் வென்றது. அதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். ஆகவே டி-டைப்பின் நடுப்பகுதி விமான உடலைப்போல மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன கூடாகவே அமைந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீனின் துடுப்பைப்போல ஒரு செங்குத்துத் தகடும் இருந்தது. விற்காமல் தங்கிவிட்ட டி-டைப் கார்களைச் சாலைக் கார்களாக மாற்றி, முக்கியமாக அமெரிக்காவில் விற்பது என்று ஜாகுவார் முடிவு செய்தது. இருபத்தைந்து கார்கள் திட்டமிடப்பட்டன. 1957 பிப்ரவரி 12 அன்று கவென்ட்ரி நகரத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் ஒன்பது கார்கள் அழிந்தன. மொத்தம் பதினாறுதான் வெளிவந்தன. அவற்றில் ஒன்றை நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வாங்கி, லாஸ் ஏஞ்சல்ஸ் சாலைகளில் ஓட்டினார். இன்று இந்தக் காருக்கு இருக்கும் பெயரில் பாதி அந்தத் தீயாலும் மறுபாதி அந்த நடிகராலும் வந்தது என்பது என் எண்ணம்.

ஜாகுவார் செய்த மாற்றங்கள் என்னென்ன? துடுப்பை நீக்கினார்கள். இரு இருக்கைகளுக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்தார்கள். பயணிக்கு ஒரு கதவு வைத்தார்கள். முழு அகலத்துக்கு முன்கண்ணாடி, மடக்கும் துணிக்கூரை, பம்பர்கள், பின்புறம் பெட்டி கட்டும் சட்டம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். பக்கவாட்டில் செல்லும் புகைபோக்கிக் குழாயில் கால் பட்டுச் சுட்டுவிடாதபடி ஒரு காப்புத் தகடும் பொருத்தினார்கள்.

துடுப்பை நீக்கியது சரியா? சரியே. லீ மானின் நேர்ச்சாலை அந்நாளில் ஏறத்தாழ 6 கி.மீ. நீளம். அங்கே டி-டைப் மணிக்குச் சுமார் 280 கி.மீ. வேகத்தில் ஓடியது. அந்த வேகத்தில் காரின் மூக்கு சற்றே திரும்பினால், காற்று துடுப்பின்மேல் பட்டு அதை மீண்டும் நேராக்கும். இந்தத் திருத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மணிக்கு 70 கி.மீ. என்பது 280-இல் நான்கில் ஒரு பங்கு. அப்படியானால் துடுப்பின் வேலை பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கடைவீதிக்குப் போகும் காருக்குத் துடுப்பு வெறும் அலங்காரம்தான்.

இதே கணக்கை எஞ்சினுக்கும் போட்டுப் பாருங்கள். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 280 கி.மீ.க்கு 256 குதிரைத்திறன் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 70 கி.மீ.க்கு அதில் 64-இல் ஒரு பங்கு, அதாவது 4 குதிரைத்திறன் போதும். டயர்களின் உருள் உராய்வையும் சேர்த்தால்கூடப் பத்தைத் தாண்டாது. நூறு பேருக்குச் சமைக்கும் அண்டாவில் ஒருவருக்குக் காப்பி போடுவதைப்போல, அந்தப் பெரிய எஞ்சின் தன் திறனில் இருபத்தைந்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தாமல் ஓடுகிறது. அது வெறும் வீணாக்கல் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. பந்தயத்துக்கான ஸ்பார்க் பிளக்குகள் கடும் வெப்பத்தைத் தாங்கும்படி, வெப்பத்தை வேகமாக வெளியே கடத்துமாறு செய்யப்பட்டவை. மெதுவாக ஓட்டினால் அவற்றின் முனை போதிய அளவு சூடாவதில்லை. கரி படிந்து, பொறி வராமல் போகிறது. மேலும் ஓடும் காரின் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும் என்பதால் பந்தயக் கார்களில் பெரும்பாலும் விசிறி வைப்பதில்லை. சிவப்பு விளக்கில் நின்றவுடன் எதிர்க்காற்றும் நின்றுவிடும், நீர் கொதிக்கத் தொடங்கும். ஒரே எஞ்சினில் பிளக் குளிர்ந்து கெடுகிறது, நீர் சூடாகிக் கெடுகிறது!

ஜாகுவாரை நான் குறை கூறுவது வேறு இடத்தில். கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் மாற்றியவர்கள், கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தொடவேயில்லை. எஞ்சின், தாங்கமைப்பு, பிரேக் எல்லாம் டி-டைப்பினுடையவையே. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் என்பது அந்நாளில் பெரும் பேறு. சாலைக் கார்கள் பலவும் டிரம் பிரேக்கோடு ஓடிய காலம் அது. ஆனால் பிரேக்குக்கு உதவும் அழுத்தத்தைத் தரும் பம்ப் கியர் பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தது. கார் ஓடும்போது அது சுழலும், நின்றால் அதுவும் நிற்கும். லீ மானில் இது குறையே அல்ல. ஆனால் ஏற்றமான தெருவில், முன்னால் ஒரு லாரி நிற்க, நீங்களும் நிற்க வேண்டியிருந்தால்? உதவி இல்லாத பிரேக்கை உங்கள் காலின் பலத்தால் மட்டுமே அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டி கட்டும் சட்டத்தை நினைத்தவர்கள் இதை நினைக்கவில்லை.

வில்லும் முதுகெலும்பும்

தாங்கமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாற்றம் உண்மையானதா, வேடமா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. ஒரு சுருள்வில்லின்மேல் எடையை வைத்தால் அது எவ்வளவு அமுங்குகிறதோ, அதைக்கொண்டே அதன் அதிர்வெண்ணைச் சொல்லிவிடலாம். கார் தன் எடையால் வில்லை 25 செ.மீ. அமுக்கினால் அதிர்வெண் நொடிக்கு 1. ஆறேகால் செ.மீ. அமுக்கினால் நொடிக்கு 2. ஏறத்தாழ 2.8 செ.மீ. மட்டும் அமுக்கினால் நொடிக்கு 3. வசதியான சாலைக் கார்கள் நொடிக்கு 1 முதல் 1.5 வரை வைத்துக்கொள்கின்றன. பந்தயக் கார்கள் அதற்கு மேலே செல்கின்றன. வளைவில் உடல் சாயக்கூடாது, தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் ஓடும் வண்டி தரையைத் தட்டவும் கூடாது. அதனால் வில் இறுக வேண்டியிருக்கிறது.

மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை நொடிக்கு 4 முதல் 8 வரையிலான எல்லையில் மிக அதிகமாக உணர்கிறது. வில் இறுக இறுகக் காரின் ஆட்டம் இந்த எல்லையை நோக்கி நகர்கிறது. இருக்கையில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வழவழப்பான லீ மான் பாதைக்கென அமைந்த டி-டைப், கரடுமுரடான பாதைகளில் அவ்வளவாகச் சோபிக்கவில்லை என்பது பந்தய வரலாறு. அதே அமைப்பை அப்படியே ஊர்ச்சாலைக்கு அனுப்பியது ஜாகுவார்.

இந்த உரைகல்லில் தேறுவது ஃபோர்டு. ஜி.டி.40 என்ற பெயரில் உள்ள 40 காரின் உயரத்தைக் குறிக்கும். நாற்பது அங்குலம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட. 1966 முதல் 1969 வரை லீ மானில் தொடர்ந்து வென்ற குடும்பம் இது. இதன் சாலை வடிவமான மார்க் 3-இல் வில்களையும் அதிர்வு தணிப்பான்களையும் மென்மையாக்கினார்கள். 4.7 லிட்டர் எஞ்சினின் திறனை வேண்டுமென்றே 306 குதிரைத்திறனாகக் குறைத்தார்கள். கதவோரம் இருந்த கியர் கம்பியை நடுவே கொண்டுவந்தார்கள். முன்விளக்குகள் சட்டம் கேட்கும் உயரத்தில் இருக்கும்படி முகத்தையே மாற்றினார்கள். பெட்டி வைக்க வாலை நீட்டினார்கள். சாம்பல் கிண்ணம்கூட வைத்தார்கள்! எஞ்சினும் புகைபோக்கியும் பக்கத்திலேயே இருந்ததால் அந்தப் பெட்டியில் வைக்கும் பொருள் வெந்துவிடும் என்பது வேறு கதை. கூரையோடு சேர்ந்து திறக்கும் அகன்ற கதவுகளும் நெருக்கமான இடத்தில் தொல்லைதான். இருந்தும் மூன்றில் இதுதான் நேர்மையான பொறியியல் வேலை. மனிதனையும் சாலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, எதை விட்டுக்கொடுக்க வேண்டுமோ அதை விட்டுக்கொடுத்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? ஏழு கார்கள்தான் செய்யப்பட்டன. வாங்க விரும்பியவர்களில் பலர் மார்க் 3-ஐ விட்டுவிட்டு, பந்தயக் காரைப்போலவே தோன்றும் பழைய மார்க் 1-ஐயே சாலைக்குக் கேட்டார்கள். மாற்றம் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக அமைந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முதுகு வலித்தாலும் பரவாயில்லை, பார்ப்பவர்கள் லீ மான் காரென்று சொல்ல வேண்டும்! பொறியாளரைக் குறை சொல்லும் முன் வாங்குபவரின் ஆசையையும் நாம் எடைபோட வேண்டியிருக்கிறது.

தோல் இருக்கையும் வாயு நிரப்பிய சட்டமும்

மூன்றாவது காரைப் பற்றித்தான் கட்டுரைகள் மிகுதி. போர்ஷ 917 பன்னிரண்டு சிலிண்டர் கொண்டது, காற்றால் குளிர்விக்கப்படுவது, அறுநூறு குதிரைத்திறன் அளவில் ஆற்றல் தருவது. மதுபானத் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கவுன்ட் ரோசி 1975-இல் ஒரு 917-ஐச் சாலைக் காராக்கித் தரும்படி கேட்டார். சைலன்சர், பக்கக் கண்ணாடிகள், திரும்பும் விளக்குகள், ஹாரன் ஆகியவை சேர்ந்தன. உள்ளே எர்மே நிறுவனத்தின் தோல் வேலைப்பாடு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பதிவெண் கிடைத்தது. ரோசி அதைச் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸ் வரை ஓட்டிச் சென்றார்.

இதைப் "பந்தயக் கார் சாலைக் காராக மாறிய அதிசயம்" என்று எழுதுவது தவறு. சட்டம் அனுமதித்தது, அவ்வளவுதான். மாற்றம் நடக்கவில்லை.

917-இன் எலும்புக்கூடு மெல்லிய அலுமினியக் குழாய்களால் பற்றவைக்கப்பட்டது. அதன் எடை ஐம்பது கிலோவுக்கும் குறைவு. இதில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே போர்ஷ பொறியாளர்கள் குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை நிரப்பி, ஓர் அழுத்தமானியை வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ பற்றவைப்பு விட்டுவிட்டது என்று பொருள். எவ்வளவு அழகான உத்தி! ஆனால் அந்த உத்தி என்ன சொல்கிறது? விரிசல் விழக்கூடும் என்பதைப் பொறியாளர்களே எதிர்பார்த்தார்கள் என்று சொல்கிறது. பந்தயக் கார் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் பிரித்துப் பார்க்கப்படும். சாலைக் காரோ ஆண்டுக்கணக்கில் பள்ளங்களில் விழுந்து எழும். உலோகத்தில் ஒரு முறை தாங்கக்கூடிய விசையைவிட மிகக் குறைந்த விசையும் இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செயல்பட்டால் சோர்வு முறிவு ஏற்படும். அலுமினியத்துக்கு, எஃகைப்போல, "இதற்குக் கீழே பயமில்லை" என்று சொல்லத்தக்க தெளிவான எல்லையும் கிடையாது. அதோடு, இந்தக் காரில் ஓட்டுநரின் பாதங்கள் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கின்றன. எதிரே மோதினால் முதலில் நொறுங்குவது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் இருக்கை இவற்றில் எதையும் மாற்றவில்லை.

ஒன்றை மட்டும் 917-க்குச் சாதகமாகச் சொல்லலாம். அதன் எஞ்சின்மேல் படுத்திருக்கும் பெரிய விசிறியை எஞ்சினே சுழற்றுகிறது. ஆகவே நின்றாலும் காற்று கொஞ்சம் கிடைக்கும். நிற்கும்போது எரிபொருளும் குறைவாகவே எரிவதால் வெப்பமும் குறைவு. விசிறி இல்லாத ரேடியேட்டரோடு நெரிசலில் மாட்டிக்கொண்டவரைவிட ரோசி இந்த வகையில் நிம்மதியாக இருந்திருப்பார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வரலாற்றுப் புகழுள்ள ஒரு பந்தயக் காரை வெட்டி ஒட்டலாமா? ரோசியின் காரில் சேர்த்தவற்றைக் கழற்றிவிட்டால் பெரும்பாலும் பழைய 917 கிடைத்துவிடும். ஜாகுவாரில் தகட்டுக் கூட்டையே வெட்டிக் கதவு வைத்தார்கள். தீப்பெட்டியின் மேலுறையில் ஒரு பக்கத்தைச் சற்று வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு எளிதில் கோணிவிடுகிறது என்று தெரியும். இதனால்தான் கதவைச் சிறிதாக வைத்து, அடிப்புறச் சுவரை உயரமாகவே விட்டார்கள். ஆனால் அவை 1957-இல் விற்காத சரக்கு, வரலாற்றுப் பொருள் அல்ல. அன்று செய்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். இன்று ஒருவர் உண்மையான டி-டைப்பை அப்படி வெட்டினால் நிச்சயம் சொல்வேன். கழற்றக்கூடியதைச் சேர்க்கலாம். வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது.

2016-இல் ஜாகுவார், தீயில் அழிந்த ஒன்பது கார்களுக்கு ஈடாக ஒன்பது புதிய எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களைச் செய்வதாக அறிவித்தது. பழைய கார்களைக் கருவிகளால் அளந்து, அதே வடிவத்தில் மக்னீசியக் கலப்புலோக உடல் செய்தார்கள். ஒன்றின் விலை பத்து இலட்சம் பவுனுக்கும் மேல். எரிபொருள் தொட்டியைப் போன்ற சிலவற்றில் பாதுகாப்பை முன்னிட்டு இக்காலப் பொருள்களைப் பயன்படுத்தினார்கள். மற்றபடி அறுபது ஆண்டு அறிவைக்கொண்டு பழைய குறைகளைக் களைய வாய்ப்பு இருந்தும், 1957-ஐ அப்படியே திரும்பச் செய்வதையே நோக்கமாகக் கொண்டார்கள். வாங்கியவர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். மார்க் 3 ஏழோடு நின்றுபோனதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.