சந்தைக்கு வாயில் உண்டா?

எரிக் ரேமண்ட் என்னும் அமெரிக்க நிரலாசிரியர் 1997-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு மாநாட்டிற் படித்த கட்டுரை, 'பேராலயமும் சந்தையும்' என்று பொருள்படும் பெயரோடு 1999-இல் நூலாக வெளிவந்தது. எவரும் படிக்கவும் திருத்தவும் மூல நிரலைத் திறந்து வைக்கும் திறமூல மென்பொருள் இயக்கத்தார் இதனை ஏறக்குறைய மறைநூலாகவே போற்றி வந்துள்ளனர். சிலர் தனித்திருந்து ஆக்குவது பேராலயம். பலர் கூடித் திருத்துவது சந்தை. சந்தையே சிறந்தது என்பது ஆசிரியர் முடிவு. பார்க்கும் கண்கள் பலவாயின் பிழைகள் மறைந்திரா என்பது அவர் காட்டும் காரணம்.

கண்கள் சரி, கண்டவன் திருத்தி நீட்டுவதை வாங்கும் கை யாருடையது? தலைவனுக்குப் பிறரோடு பழகும் திறம் வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஆர்வம் குன்றினால் தக்கவரிடம் ஒப்படைத்து விலகுவது கடமை என்றும் விதிக்கிறார். இவ்விதி எங்கிருந்து பிறந்தது? பாப்கிளையண்ட் என்னும் மின்னஞ்சல் நிரலுக்கு அவர் திருத்தங்கள் அனுப்பினார். அதன் ஆசிரியரோ ஆர்வம் குறைந்திருந்தமையால் நிரலையே அவரிடம் கொடுத்துவிட்டார். பின்னர் ஃபெட்ச்மெயில் எனப் பெயர் பெற்றது அதுவே. நல்லூழ்தான்! அந்த நல்லூழைப் பொது விதியாக்கியதிலேதான் குறை இருக்கிறது. ஆர்வம் குன்றிய தலைவனால் வரும் இடர் சிறிது. ஆர்வமும் குன்றாமல், பிறர் திருத்தத்தை ஏற்க நேரமும் மனமும் இல்லாமல் இருப்பவனை என் செய்வது? அவன் முன் புதியவன், கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்னும் மருமகளாகவே நிற்கிறான்.

அதே 1997-இல் ஜிசிசி என்னும் கம்பைலரில் திருத்தங்கள் தேங்கிக் கிடந்தன; சோதனைப் படிகளும் குறிப்பிட்ட சிலருக்கே கிட்டின. பொறுமை இழந்தோர் அவ்வாண்டு ஆகஸ்டில் ஈஜிசிஎஸ் எனப் பிரிந்து, குழுவொன்று வழிநடத்த, யாவரும் காணப் பணியாற்றினர். 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பிரிந்துபோனவர்களிடமே ஜிசிசியை ஒப்படைத்தது. வாயிலைத் திறந்தது தலைமையின் பெருந்தன்மையன்று. பிரிந்து செல்லும் உரிமையே. அந்தப் பிரிவினையை இயக்கத்தார் வெறுப்பர் என்று அதே நூலின் மற்றொரு கட்டுரை கூறுவது கருதத்தக்கது.

ஆயினும் தலைவர்களின் தயக்கம் முழுவதும் பொறாமை அன்று. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலைத் தனியொருவர் பேணிவந்தார். சோர்ந்திருந்த அவருக்கு ஈராண்டுக்கும் மேலாகத் துணைபுரிந்து உடன்பொறுப்பாளரானார் ஒருவர், முகம் அறியப்படாதவர். அவர் வைத்த கள்ளவழி 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. ஆந்திரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவியதால் அகப்பட்டது. பல கண்கள் அல்ல, ஒரே கண்! வந்தவர் வேலையில் வல்லவர். ரேமண்டின் விதி கேட்கும் தகுதி அவருக்குக் குறைவின்றி இருந்தது. ஆளை அறியும் வழியை அவ்விதி சொல்லவில்லை.