தாயன்பும் தடியடியும்

ஆட்சியாளர் வரம்பு மீறும்போது நீதிமன்றம் தடுத்து நிறுத்துமா? திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. 2023-இல் இம்மாவட்டத்துச் செய்யாற்றுப் பகுதியில், சிப்காட் விரிவாக்கத்திற்கு நிலம் தர மறுத்துப் போராடிய உழவர் எழுவர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. தமிழகமெங்கும் எதிர்ப்பு எழவே, அறுவர்மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. வழக்கு நடத்தாமலே ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரம் இன்றும் உயிரோடிருப்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே, பழைய தீர்ப்பொன்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. காவலில் வைக்கப்பட்டோர் நீதி கேட்டு வரலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை மறுத்தனர். அந்நால்வருள் ஒருவரான எம்.ஹெச். பேக், காவலில் உள்ளோர்மீது அரசு காட்டும் பரிவு ஏறக்குறையத் தாயின் பரிவை ஒத்தது என்று எழுதினார்.

இவ்வுவமையில்தான் நாம் குற்றம் காண்கிறோம். கண்டறிந்ததிலிருந்து பிறக்கவேண்டிய உவமை, கேள்விப்பட்டதிலிருந்து பிறந்துவிட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டு அப்போது மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. அக்கொடுமையை 1977-இல் அமைந்த விசாரணை ஆணையத்தின் வாயிலாக உறுதி செய்தவர், நாகூரில் பிறந்து கம்பனில் தோய்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில். பேக்கும் நம்மவர், இஸ்மாயிலும் நம்மவர். ஒருவர் அரசின் சொல்லை நம்பினார். மற்றவர் அடிபட்டவர்களை அழைத்துக் கேட்டார்.

எனினும், அந்த ஆணையம் அமைந்தது ஆட்சி மாறிய பின்னரே என்பதை மறைத்தல் முறையன்று. ஆட்சி வலுவாயிருந்த நாளில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டிப் பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார். சென்னைத் தலைமை நீதிபதியான இஸ்மாயிலும் 1981-இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது பதவி விலகினார். கலீஃபா மன்சூர் அளித்த காழிப் பதவியை இமாம் அபூஹனீஃபா மறுத்துச் சிறை புகுந்த வரலாறு நம் மதரஸாக்களில் ஓதப்படுவதே. ஆள்வோர் தரும் இருக்கையில் அமர்ந்து ஆள்வோரைத் தடுப்பது எத்துணை அரிது என்பதை அப்பெருமகனார் அறிந்திருந்தார்.

ஜபல்பூர் தீர்ப்பு பிழையென்று உச்ச நீதிமன்றமே 2017-இல் கூறியது. நாற்பத்தோராண்டுகள்! இடையில் சிறையில் கழிந்த நாள்களை யார் திருப்பித் தருவார்?

நீதிமன்றத்தை நம்பவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செய்யாற்று உழவர் அறுவரின் தளை தீர்ப்பு வருமுன்பே தளர்ந்ததற்கு மக்கள் வாய்திறந்ததே காரணம். அதுபோல், தீர்ப்புகளையும் வழக்கறிஞர்களுக்கென்று ஒதுக்கிவிடாமல் நாமே படிப்போம். ஒரு பாட்டின் உவமையை உரைத்துப் பார்ப்பதுபோல் தீர்ப்பின் சொல்லையும் உரைத்துப் பார்ப்போம். சிறையிலிருப்பவர் நம்மவரா, பிறரா என்று மட்டும் முதலில் கேளாதிருப்போம்.