நிஃப்டி சார்ட்டின் கீழே நிற்பது யாருடைய வால்யூம்?

"நிஃப்டி நல்ல வால்யூமோட உடைச்சிருக்கு." தமிழில் சார்ட் விளக்குபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சரி, அன்னைக்கு நிஃப்டியை வாங்கினது யாரு, வித்தது யாரு?

எங்க எடப்பாடிப் பக்கம் கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் நடக்கும். பி.டி. ரகம் குவிண்டால் இன்ன விலை, டி.சி.எச். இன்ன விலை, மொத்தம் இத்தனை மூட்டை என்று பேப்பரில் செய்தி வரும். விலையும் மூட்டைக் கணக்கும் ஒரே ஏலத்தில் பிறந்தவை என்பதால் சேர்த்துப் படிக்கலாம். நிஃப்டி அப்படி இல்லீங்க. 1995 நவம்பர் 3-ஐ 1000 என்று வைத்து, 50 பங்குகளின் சந்தை மதிப்பிலிருந்து கணக்கிடும் ஒரு எண் அது. எண்ணை யாரும் நேராக வாங்க முடியாது. ஆகவே கீழே தெரியும் வால்யூம் பட்டை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியதுதான்.

பெரும்பாலும் அது 50 பங்குகளிலும் கைமாறிய எண்ணிக்கையின் கூட்டுத்தொகை. சிக்கலே இங்கதான். 12 லட்சம் ரூபாய்க்கு 150 ரூபாய்ப் பங்கு 8,000 வாங்கலாம். 12,000 ரூபாய்ப் பங்கு 100தான் கிடைக்கும். பணம் ஒன்றே, பட்டையில் 80 மடங்கு வித்தியாசம். நாமக்கல் முட்டையையும் சந்தை மாட்டையும் 'உருப்படி' என்று சேர்த்து எண்ணுகிற கதை. குறியீட்டை நகர்த்துவது எடை. இந்தப் பட்டையை நகர்த்துவது விலை குறைந்த பங்குகள்.

2022 ஜூலை கடைசியில் டாடா ஸ்டீல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதே பணம் புழங்கினாலும் அதன் எண்ணிக்கை பத்து மடங்காகிவிடும். அந்தப் பங்கின் சொந்தச் சார்ட்டில் பழைய வால்யூமைத் திருத்திவிடுவார்கள். குறியீட்டின் கூட்டுத்தொகையில் வழக்கமாக அந்தத் திருத்தம் இருக்காது. அதன்மேல் 1963-இல் கிரான்வில் பிரபலமாக்கிய ஓபிவியைப் போட்டால், பங்குப் பிரிப்பையும் வாங்குகிறவர்களின் வேகமாகவே அது கூட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழி, நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வால்யூமை எடுத்து ஒட்டுவது. அமிபுரோக்கரில் 'ஃபாரின்' ஃபங்ஷன் இதற்கு உதவும். குறியீட்டின் பேரிலேயே நடந்த வியாபாரம் என்பதால் இது மேல். ஆனால் நடப்பு மாதத்தை மட்டும் எடுத்தால், எக்ஸ்பைரி நெருங்கும்போது ஆட்கள் அடுத்த மாதத்துக்கு நகர, பட்டை மெலியும். சந்தையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று அதைப் படித்தால் தப்பு. எல்லா மாதங்களையும் கூட்ட வேண்டும். அப்போதும் ரோல்ஓவர் வியாபாரம் இரண்டு பக்கமும் எண்ணப்படும்.

தினசரி சார்ட்டுக்கு என் தேர்வு டர்ன்ஓவர். என்எஸ்இயின் குறியீட்டுத் தரவிலேயே, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், கோடி ரூபாயில் அந்தப் பத்தி இருக்கிறது. வால்யூம் இடத்தில் அதை ஏற்றிக்கொள்ளலாம். பங்கு பிரிந்தாலும் பணம் பணம்தான். விலைவாசியோடு அதுவும் ஏறும் என்பதால், பல வருடங்களை ஒப்பிடாமல் சமீபத்திய 20 நாள் சராசரியோடு ஒப்பிடுவது போதும்.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த பத்தியை அது வரைகிறது, அவ்வளவுதான். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப்&ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. பட்டை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதால் மட்டும் லாபம் வந்துவிடாது. ஆனா, தறி ஓட்டிச் சேர்த்த காசை வாராந்திர ஆப்ஷனில் போடும் முன்னால், அந்தப் பட்டை எதை எண்ணுகிறது என்றாவது கேட்டுக்கணும்.