மலைத்தலைவன் முன் ஒரு கஸீதா

கல்வி தேடிப் புறப்பட்ட இளைஞர்களைப் பற்றி நம் நூல்களில் செய்திகள் ஏராளம். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் 16ஆம் வயதில் ஹஜ்ஜுக்குச் சென்று, உடன் வந்தோர் ஊர் திரும்பிய பின்னும் மக்காவிலேயே தங்கி ஹதீஸ் பயின்றார்கள் என்பதை மத்ரஸா மாணவர் எவரும் அறிவர். ஆயினும் இவ்வகைச் செய்திகளில் பயணத்தின் பயன் சொல்லப்படுமேயன்றி, பயணம் போன பிள்ளை தன்னை எவ்வாறு அறிந்துகொண்டான் என்பது சொல்லப்படுவது அரிது. அப்படிச் சொல்லப்பட்ட ஓரிடத்தையும், பிற்கால நாவலாசிரியர் ஒருவர் அதே பிள்ளையை என்ன செய்தார் என்பதையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்ஹஸன் இப்னு முஹம்மத் அல்வஸ்ஸான் கர்னாத்தாவிலே பிறந்தவர். 1492இல் அந்நகர் வீழ்ந்தது. குடும்பம் கடல் கடந்து ஃபாஸ் நகரில் குடியேற, அங்கே மத்ரஸாவில் பயின்றார். மாணவராயிருக்கும்போதே அந்நகர் மருத்துவமனையில் எழுத்தராகவும் பணிபுரிந்தார். ஃபாஸ் சுல்தானின் தூதராகத் திம்புக்துவுக்குச் சென்ற தம் மாமனுடன் அவரும் புறப்பட்டார். பின்னாளில் அவர் இத்தாலிய மொழியில் எழுதி 1526இல் முடித்த ஆப்பிரிக்க வருணனை நூலை, 1980களின் தொடக்கத்தில் மொராக்கோ அறிஞர்களான முஹம்மத் ஹஜ்ஜீயும் முஹம்மதுல் அக்ளரும் பிரெஞ்சு வழியாக அரபியாக்கினர். ‘வஸ்ஃபு இஃப்ரீக்கிய்யா’ என்பது அதன் பெயர். அரபி பேசியவரின் நூல் இரண்டு அன்னிய மொழிகளைச் சுற்றிக்கொண்டு அரபிக்கு வந்து சேர்ந்தது விந்தையன்றோ!

‘மாமன்’ என்றேன். இத்தாலிய மொழியில் தந்தையின் சகோதரருக்கும் தாயின் சகோதரருக்கும் சொல் ஒன்றே. ‘அம்மு’ வேறு, ‘கால்’ வேறு எனப் பிரித்தறியும் அரபிக்கும், சிற்றப்பன் வேறு, மாமன் வேறு என்னும் தமிழுக்கும் இது ஒரு குறையே. நாவலாசிரியர் அமீன் மஅலூஃப் ‘காலீ’ என்று அவரைத் தாய்மாமனாக்கிவிட்டார். நாமும் அவ்வாறே கொள்வோம்.

வழியில் நிகழ்ந்ததுதான் நமக்குரிய செய்தி. அட்லஸ் மலைப்பகுதித் தலைவர் ஒருவர் தூதரின் புகழைக் கேள்வியுற்று விருந்துக்கு அழைக்கிறார். பயணத்தை நிறுத்த இயலாத மாமன், தமக்குப் பதிலாக மருமகனை அனுப்புகிறார். அன்பளிப்புகளும், தலைவரைப் போற்றித் தாம் இயற்றிய கஸீதாவும் பிள்ளையின் கையில். பிள்ளைக்கு வயது 16. குதிரைமேல் செல்லும்போதே அவனும் தன் பங்குக்கு ஒரு சிறு கவி கட்டிக்கொள்கிறான். சபையில் முதலில் மாமனின் பாடல் படிக்கப்படுகிறது. தலைவருக்கு அரபியில் போதிய பயிற்சி இல்லை. எழுத்தர் ஒருவர் சொல் சொல்லாக விளக்குகிறார். பின்னர் பிள்ளையின் பாடல். தலைவர் மகிழ்ந்து மாமனுக்கும் மருமகனுக்கும் பொன் அளிக்கிறார். பிள்ளைக்கு ஒரு குதிரையும் கிடைக்கிறது.

இவ்வளவுதான் நிகழ்ச்சி. வஸ்ஸான் இதைப் பெருமையடித்துக் கூறவில்லை. மலையின் வருணனைக்கு நடுவே சொல்லிவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடுகிறார். ஆனால் ஊன்றிப் படிப்போர்க்கு இதில் பொருள் நிறைய உண்டு. ஃபாஸ் மத்ரஸாவில் யாப்பும் இலக்கணமும் பயின்ற பிள்ளைக்கு அரபி என்பது மூச்சுக் காற்றைப் போன்றது; அதைப் பற்றி எண்ண வேண்டிய தேவையே இருந்ததில்லை. தன் சொல் வேறொருவர் வாய் வழியாகச் சென்று கேட்பவரின் முகத்தை மலர்விப்பதை அவன் அன்று நேரில் காண்கிறான். தான் வேறு, தன் மொழி வேறு, கேட்பவன் உள்ளம் வேறு, இம்மூன்றுக்கும் இடையே ஒரு துபாஷி நிற்கிறான் என்னும் அறிவு எந்த மத்ரஸாவிலும் பாடமாகக் கிடைப்பதன்று. அவன் அந்தச் சபைக்கு வெறுங்கையுடன் போகவில்லை என்பதையும் நோக்க வேண்டும். கற்ற கல்வியைக் கொண்டு போனான். அது செல்லும் எல்லையையும் அங்கே கண்டான்.

இனி நாவலுக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் 1986இல் வெளிவந்த அந்நாவல் கர்னாத்தா, ஃபாஸ், கெய்ரோ, ரோம் என நான்கு பாகங்களாய், ஆண்டுக்கு ஓர் அத்தியாயமாய், தந்தை மகனுக்குச் சொல்லும் வரலாறாக அமைந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. கதையோட்டம் அருமை, அகதிகளின் துயரைச் சொல்லும் பக்கங்கள் கண்ணீரை வரவழைக்கும். (இல்லறக் காட்சிகள் சில உள. வீட்டுப் பெரியவர் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பது நலம்.) ஆனால் மஅலூஃபின் ஹஸன் எந்த ஊருக்கும் உரியவனல்லன், பாதையின் பிள்ளை, எல்லா மொழியும் எல்லா வழிபாடும் அவனுடையவை, அவனோ எவருக்கும் உரியவனல்லன். லெபனானின் உள்நாட்டுப் போரால் 1976இல் பாரிஸில் குடியேறிய ஓர் எழுத்தாளரின் ஏக்கம் இது. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதை வஸ்ஸானின் தலையில் ஏற்றுவதற்கு மூலநூல் இடந்தரவில்லை.

மூலத்தில் ஒரு பறவைக் கதை வருகிறது. பறவைகளின் அரசன் வரி கேட்டால் நீருள் புகுந்து ‘நான் மீன்’ என்றும், மீன்களின் அரசன் கேட்டால் மேலே பறந்து ‘நான் பறவை’ என்றும் தப்பித்துக்கொள்ளும் பறவையைச் சொல்லி, ஆப்பிரிக்கரை எவரேனும் பழித்தால் தாம் கர்னாத்தாவில் பிறந்தவர் என்றும், கர்னாத்தாவினரைப் பழித்தால் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர் என்றும் கூறிக்கொள்ளப்போவதாக வஸ்ஸான் எழுதுகிறார். இஃது ஊரற்றவனின் புலம்பலன்று. இரண்டு ஊரையும் உடையவனின் குறும்பு.

அவரிடம் குறை இல்லாமலில்லை. திம்புக்துவில் மற்றெல்லாச் சரக்கினும் நூல்களே மிகுந்த ஆதாயத்திற்கு விற்பதையும், அரசர் ஆலிம்களுக்கும் காழிகளுக்கும் ஊதியம் தருவதையும், ஓர் ஒட்டகச் சுமை உப்பு 80 பொற்காசுக்குப் போவதையும், இரவில் மக்கள் தெருக்களில் ஆடிப் பாடுவதையும் கண்டு எழுதிய அதே கை, கறுப்பின மக்கள் சிலரை விலங்கினும் கடையராக எழுதவும் கூசவில்லை. பயணம் மனிதனின் செருக்கைத் தானே கழுவிவிடும் என்று நம்புவோர் இப்பக்கங்களை அவசியம் படிக்க வேண்டும்.

1518இல் கடற்கொள்ளையர் அவரைச் சிறைப்பிடித்துப் போப்பாண்டவர் பத்தாம் லியோவிடம் ஒப்படைத்தனர். 1520 ஜனவரி 6ஆம் நாள் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. இதைக் காட்டி அவர் நூலையே ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. நிர்ப்பந்தத்தில் சிக்கியவனுக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை அவர்கள் மறந்துவிடுகின்றனர். உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். 1524இல் யூத மருத்துவர் ஒருவருக்காகத் தொகுத்த சொல்லகராதியில் அவர் புதிய பெயரை எழுதிவிட்டு, முன்னர் தாம் ஹஸன் இப்னு முஹம்மத் அல்வஸ்ஸான் எனப் பெயர் கொண்டிருந்ததையும் அரபியிலே சேர்த்தெழுதினார். 1532இல் அவர் தூனிஸில் முஸ்லிமாகவே வாழ்ந்துவந்தார் என்ற செய்தி ஐரோப்பிய அறிஞர் ஒருவருக்குக் கிட்டியது.

என் கருத்துக்கு வலுவான சான்று கையெழுத்துப் படியில் உள்ளது. அதில் அவர் தம்மை ‘நான்’ என்று எழுதாது, ‘இதனை இயற்றியவர்’ என்றே பல இடங்களில் குறிக்கிறார். 1550இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட ரமூஸியோ அதை ‘நான்’ என மாற்றிவிட்டார். மாற்றியதால் நூல் சரளமாயிற்று. ஆனால் ஒன்று போயிற்று. மலைத்தலைவன் சபையில் எழுத்தரின் வாயிலிருந்து தன் சொல்லைக் கேட்ட அந்தப் பிள்ளை, பின்னாளில் ரோமாபுரியில் தானே துபாஷியாய் நின்று, தன்னையும் இன்னொருவனைப் போல் அப்பால் நிறுத்திப் பேசினான். மஅலூஃபின் நாவல் முதல் பக்கத்திலிருந்தே ‘நான்’ என்று பேசுகிறது. ரமூஸியோ தொடங்கியதை அவர் முடித்து வைத்தார் எனலாம். ஆகவே நாவலைப் படிக்கும் இளைஞர்கள், அரபி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டேனும், ‘வஸ்ஃபு இஃப்ரீக்கிய்யா’வின் அந்த மலைப் பகுதியை முதலில் படித்துவிடுவது நல்லது. அதிகம் போனால் இரண்டு மூன்று பக்கங்கள்தாம்.