வாக்காளரைக் காணாத தேர்தல்

புதினம் ஒன்றில் ஆசிரியர் சொன்னவற்றை ஆராய்வது போலவே, சொல்லாது விட்டவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆந்தனி டிரோலப் எழுதி 1869-இல் நூலாக வெளிவந்த 'ஃபினியஸ் ஃபின்' இதற்குத் தக்க சான்று.

கதைத் தலைவன் ஃபினியஸ், அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக் கில்லலோ ஊர் மருத்துவரின் மகன், கத்தோலிக்கன். லண்டனில் சட்டம் பயின்ற இவ்விளைஞன் லாக்ஷேன் என்னும் அயர்லாந்துச் சிறு தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுகிறான். வென்றது எவ்வாறு? தொகுதி டல்லா பிரபுவின் செல்வாக்குக்கு உட்பட்டது. முன்பு அதன் உறுப்பினராயிருந்த தம்பியோடு பிரபுவுக்குப் பகை. பிரபுவுக்கு மருத்துவம் பார்ப்பவரோ ஃபினியஸின் தந்தை. ஆகவே இடம் கிட்டியது. வாக்காளர் 307 பேர். உலகறியாத எளியோர் என்ற அளவில் ஆசிரியர் அவர்களைக் கடந்து செல்கிறார். அவர்களுள் ஒருவரது முகமேனும் கதையில் தெரிவதில்லை.

ஆயினும், கத்தோலிக்கனாகிய ஃபினியஸ் அவ்வவையில் அமர வழிவகுத்தவர் அத்தகைய எளியோரே. 1828-இல் கிளேர் இடைத்தேர்தலில் டேனியல் ஓகானல் நின்றார். கத்தோலிக்கர் தம் சமயத்தை மறுக்கும் உறுதிமொழி கூறாமல் அவையில் அமர இயலாத காலம் அது. வாக்கைப் பலரறிய வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழார் சினந்தால் குத்தகை நிலம் பறிபோகும். அவ்வச்சத்தையும் மீறி உழவர் ஓகானலுக்கு 2057 வாக்குகள் அளித்தனர். எதிர்த்து நின்ற அமைச்சர் வெஸி ஃபிட்ஸ்ஜெரால்டு பெற்றவை 982. மறு ஆண்டே கத்தோலிக்கருக்கு அவையின் கதவு திறந்தது. அதே ஆண்டில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக உயர்த்தப்பட்டது. கதவைத் திறந்த உழவருள் பெரும்பாலோர் வாக்கிழந்தனர்.

டிரோலப் இவ்வுலகை அறியாதவர் அல்லர். 1841-இல் அஞ்சல்துறைப் பணிக்காக அயர்லாந்து சென்று, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர். எனினும் இரகசிய வாக்கெடுப்பை வெறுத்ததாகத் தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அச்சத்தோடு வாக்களிப்பவனின் நிலையிலிருந்து தேர்தலைக் காண அவர் முயலவில்லை. இரகசிய வாக்கெடுப்பு 1872-இல் சட்டமாயிற்று.

நூலின் சிறப்பையும் மறைத்தலாகாது. பிறர் தயவால் அமர்ந்தவன் தன் மனச்சான்றுக்கு இடந்தர முடியாமல் படும் துன்பத்தை இத்துணை நுட்பமாகக் காட்டிய புதினங்கள் சிலவே. இறுதியில் அயர்லாந்துக் குத்தகையாளர் உரிமைக்காக ஃபினியஸ் தன் அரசுப் பதவியைத் துறக்கிறான். அது பெருஞ்செயலே. ஆனால் எவருக்காகத் துறந்தானோ, அக்குத்தகையாளரைப் படிப்போர் ஒருகாலும் கண்டதில்லை. லண்டன் அரசியலே கதைப்பொருள் எனச் சிலர் வாதிக்கலாம். அவ்வாறாயினும், பயன்பெறுவோர் முகமறியாத தியாகம் நெஞ்சைத் தொடும் அளவு குறைந்தே போகும். லாக்ஷேனில் ஓர் உழவனையேனும் பேசவிட்டிருந்தால், அம்முடிவு இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.