எஞ்சின் சொல்லுது மாமா

போன மாசம் பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் அக்கா பையன் ஒரு செஸ் போட்டியில் தோற்றுவிட்டு வந்திருந்தான். ஆட்டத்தை ஃபோனில் ஸ்டாக்ஃபிஷில் ஓட்டிக் காட்டினான். "22-வது மூவ் தப்பு மாமா. குதிரைய இங்க வச்சிருக்கணும்."

"ஏன்டா?"

"எஞ்சின் சொல்லுது மாமா."

சுருக்கென்றது. அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

மென்பொருள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997-ல் காஸ்பரோவை ஜெயிக்க ஐபிஎம் தனியாக ஒரு பெரிய கணினியே கட்டவேண்டியிருந்தது. இன்று அதைவிடப் பலமானது இலவசமாகப் பையன் சட்டைப்பையில் கிடக்கிறது. நல்ல கோச் கிடைக்காத ஊர்க்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அது விடையைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. +0.8 என்ற எண்ணுக்குப் பின்னால் லட்சக்கணக்கான நிலைகளின் தேடல் இருக்கிறது. முன்பெல்லாம் ராஜாவின் பாதுகாப்புக்கு இவ்வளவு, சிப்பாய் அமைப்புக்கு இவ்வளவு என்று மனிதர்கள் எழுதிய விதிகளாவது நிரலில் இருந்தன. 2020-ல் ஸ்டாக்ஃபிஷில் நரம்பு வலையமைப்பு வந்தது. பின்னால் அந்தப் பழைய விதிகளை எடுத்தேவிட்டார்கள். என்னைப் போன்ற நிரலாளன் மூலநிரலைத் திறந்து பார்த்தாலும் 'ஏன்' என்பதற்கு அங்கே வாசகமாகப் பதில் இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் குகேஷைச் சொல்வார்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை. 2019-ல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன். கதை உண்மைதான். ஆனால் அதில் நாம் வசதியாக மறப்பது ஒன்று உண்டு: எஞ்சினை மூடிவைத்த இடத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பாலக்கோட்டுப் பையனிடம் ஃபோனைப் பிடுங்கினால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

குகேஷிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. சிங்கப்பூரில் 14-வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். எஞ்சின் கணக்கில் டிரா. அவர் விடாமல் ஆடினார். 55-வது மூவில் டிங் லிரென் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளப் பார்த்தார். யானையோடு மந்திரியும் மாறி, ஆட்டம் கைவிட்டுப் போனது. 0.00 என்ற எண், அந்த நிலையைக் காப்பாற்றுவது ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லாது.

ஆக, என் குறை மென்பொருள்மேல் இல்லை, நாம் கேட்கும் வரிசைமேல். எங்கள் வேலையில் டீபக்கரைத் திறக்கும் முன் பிழை எங்கே இருக்கும் என்று ஒரு ஊகம் வேண்டும். ஊகமில்லாமல் திறந்தால் பிழை தீரும், புத்தி வளராது. செஸ்ஸிலும் அப்படித்தான்.

பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு, எங்கே தடுமாறினாய், என்ன நினைத்தாய் என்று முதலில் எழுது. அப்புறம் திற. அது சொல்லும் மூவை உடனே ஒத்துக்கொள்ளாதே. உன் மூவையே ஆடிப் பார், அது எப்படி அடிக்கிறது என்று கவனி. அந்த அடிதான் பாடம்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"மாமா, குதிரை அங்க இல்லன்னா அவன் ராணி உள்ள வந்துடுது. அதான்."

இந்தத் தடவை எஞ்சின் பேரைச் சொல்லவில்லை.