மருந்து காத்த மகள்

2015-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டு எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒரு சிறுமியைக் கட்டைக் குவியலின்மீது கட்டிவைத்து எரித்தார்கள். கட்டளையிட்டவன் அவளைப் பெற்ற தந்தை. முன்னின்று நடத்தியவள் செந்நிற ஆடை தரித்த பூசாரிணி. சுற்றி நின்று பார்த்தவர்கள், அவளைக் காக்க வேண்டிய போர்வீரர்கள்!

கதைதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் தொடரில், ஐந்தாம் பருவத்தின் ஒன்பதாம் பகுதி. 'டிராகன்களின் நடனம்' என்று பெயர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் ஆக்கியது. 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்தது. பறக்கும் டிராகனும் நடக்கும் பிணமும் உலவும் மாயக்கதைக்குப் பகுத்தறிவு ஏட்டில் இடம் ஏன் என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். அத்தொடரின் 73 பகுதிகளையும் விரும்பிப் பார்த்த சுவைஞனாகவே எழுதுகிறேன். அந்தச் சிறுமியின் அலறல் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. அதற்கு விடை சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.

ஸ்டானிஸ் என்பவன் அரியணைக்கு உரிமை கோரும் ஒருவன். நீதி தவறாதவன் என்று பெயர் எடுத்தவன். அவன் கோட்டை முற்றுகையிடப்பட்டு உள்ளே இருந்தோர் எலியைத் தின்று உயிர் தரித்த காலத்தில், வெங்காயம் ஏற்றிய படகோடு இருளில் நுழைந்து காப்பாற்றினான் டாவோஸ் என்னும் கள்ளக் கடத்தல்காரன். செய்த நன்மைக்கு வீரப் பட்டம். செய்த கடத்தலுக்கு விரல் நுனிகள் வெட்டு! இரண்டையும் ஒரே கையால் வழங்கியவன் ஸ்டானிஸ். அத்தகைய கணக்கன்.

அவனுக்கு ஒரே மகள், ஷிரீன். கைக்குழந்தையாய் இருந்தபோது வணிகன் ஒருவன் தந்த மரப்பொம்மையால் தோலைக் கல்லாக்கும் நோய் தொற்றியது. தொலைத்துவிடு, பாழடைந்த நகருக்கு அனுப்பிவிடு, அங்கே நோயாளிகளோடு கிடந்து சாகட்டும் என்றனர் பலர். ஸ்டானிஸ் கேட்கவில்லை. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்த மருத்துவரையெல்லாம் வரவழைத்தான். நோய் நின்றது, கன்னத்தில் கல்போன்ற தழும்பு மட்டும் தங்கியது. இதை அவனே மகளிடம் சொல்லும் காட்சி அதே பருவத்தின் நான்காம் பகுதியில் வருகிறது. சிரிக்கத் தெரியாத அந்த மனிதன், நீ என் மகள் என்று சொல்லி நிற்க, சிறுமி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அணைக்கத் தெரியாத கைகள் தயங்கித் தயங்கி அணைக்கின்றன. தொடர் முழுவதிலும் இதற்கு ஈடான காட்சி மிகச் சிலவே.

நான்காம் பகுதியில் மருந்து காத்த மகளை ஒன்பதாம் பகுதியில் மதம் எரிக்கிறது! ஐந்தே வாரம்!

படை பனியில் சிக்கிற்று. எதிரி இரவில் புகுந்து உணவையும் குதிரைகளையும் கொளுத்திவிட்டான். முன்னே செல்லவும் வழியில்லை; பின்னே திரும்பவும் மனமில்லை. ஒளிக் கடவுளின் பூசாரிணி மெலிசாண்ட்ரே வழி சொல்கிறாள்: அரச குருதி வேண்டும். தடுக்கக்கூடிய ஒரே மனிதனான டாவோஸைத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறான் ஸ்டானிஸ். போகும்முன் டாவோஸ் அச்சிறுமிக்குத் தன் கையால் செதுக்கிய மரக் கலைமான் ஒன்றைத் தருகிறான். கலைமான் அவள் குலத்தின் சின்னம். அவளோ அவனுக்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியை! நரைத்த தாடியோடு இருந்த கடத்தல்காரனை உட்காரவைத்துச் சின்னஞ்சிறு பெண் அகரம் சொல்லித்தந்த முந்தைய காட்சிகளை, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னால் மறக்க இயலவில்லை.

தந்தை வருகிறான். மகள் பழைய வரலாற்று நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள்: அரியணைக்காக அக்காளும் தம்பியும் இரு அணியாகப் பிரிந்து நாட்டை அழித்த கதை. நீ யார் பக்கம் நின்றிருப்பாய் என்று கேட்கிறான். யார் பக்கமும் இல்லை, பக்கம் பிரிந்ததால்தானே அத்தனை கொடுமை என்கிறாள் அவள். அந்தப் பாசறையில் அறிவோடு பேசிய ஒரே குரல் அதுதான். பிறகு, என்னவென்று அறியாமலே, உங்களுக்கு உதவுவேன் அப்பா என்கிறாள். மன்னித்துவிடு என்கிறான் அவன்.

எரியும் உடலைக் காட்டவில்லை இயக்குநர் டேவிட் நட்டர். அலறலைக் கேட்கச் செய்தார், முகங்களைக் காட்டினார். குனியும் வீரர் முகம், கல்லாய் இறுகிய தந்தையின் முகம், கடைசியில் மனம் உடைந்து பாய்ந்தோடும் தாயின் முகம். அந்தத் தாய் யார்? இறந்து பிறந்த ஆண் பிள்ளைகளைக் கண்ணாடிக் குடுவையில் பேணிவைத்து, உயிரோடிருந்த பெண்ணை வெறுத்தவள். மகளை எரிக்க முதலில் இசைந்தவளும் அவள்தான். அவளே ஓடுகிறாள், ஓடாதவன், ஒருகாலத்தில் மருத்துவரைத் தேடி ஓடியவன்!

காட்சி முடிந்ததும் சுவைஞர் உலகம் கொதித்தது. நூலில் இப்படி இல்லையே என்றனர் சிலர். உண்மைதான், வெளிவந்த ஐந்து நாவல்களின் முடிவிலும் ஷிரீன் உயிரோடிருக்கிறாள். ஆனால் இம்முடிவை ஆசிரியரே தங்களிடம் சொன்னார் என்கின்றனர் ஆக்கியோர். எலி தின்று முற்றுகையைத் தாங்கியவன் பனிக்கு அஞ்சி மகளைக் கொல்வானா என்றனர் வேறு சிலர். இது கனமான குறை. நான்காம் பகுதியின் தந்தைக்கும் ஒன்பதாம் பகுதியின் தந்தைக்கும் இடையே ஒரு மனிதன் எப்படி நொறுங்குகிறான் என்பதைக் காட்ட இன்னும் இரண்டு பகுதியேனும் வேண்டும். அவசரப்பட்டுவிட்டார்கள். இந்த அவசர நோய் பின்னர் முற்றித் தொடரின் இறுதிப் பருவத்தையே தின்றது.

ஆயினும் நான் சண்டையிட விரும்புவது இவர்களோடு அல்ல, மூன்றாவது கூட்டத்தோடு. நம்மைப் போலவே பேசும் கூட்டம் அது. அடுத்த வாரம் என்ன நடந்தது பார்த்தீர்களா என்கிறது அது. கூலிப்படை குதிரைகளோடு ஓடிற்று, தாய் தூக்கில் தொங்கினாள், பூசாரிணி நழுவினாள், ஸ்டானிஸ் தோற்று மாண்டான்; நரபலி பலிக்கவில்லை, மூடநம்பிக்கை முறியடிக்கப்பட்டது என்று கை தட்டுகிறது.

தோழர்களே, நிதானித்துப் பாருங்கள். பனி உருகியதே! அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே பனி சொட்டுகிறது; வழி திறக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது. தற்செயல் என்பீர்களா? சொல்லலாம். 2013-இல் மூன்று அட்டைகளைத் தீயிலிட்டு மூன்று அரசர் பெயரைச் சொன்னான் ஸ்டானிஸ். மூவரும் பின்னர் மாண்டனர். ஒருவனைக் கொன்றது விருந்து வீட்டுச் சதி, ஒருவனை நஞ்சு, ஒருவனை உடன்பிறந்தான் என்று அதற்கும் மனிதக் காரணம் காட்டலாம். மெலிசாண்ட்ரேயே தன் குப்பிகளில் பெரும்பாலானவை ஏமாற்று வித்தை என்று அரசியிடம் ஒப்புக்கொண்டவள்தான். ஆனால் 2016-இல் அவள் மந்திரம் சொல்ல, குத்துண்டு செத்த ஜான் ஸ்னோ எழுந்து உட்காருகிறானே, அதற்கு என்ன சொல்வீர்கள்? அந்தக் கதையுலகில் அந்தக் கடவுளுக்கு ஏதோ ஆற்றல் இருக்கிறது. ஆக்கியோர் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

பலிக்கவில்லை, ஆகவே தவறு என்பவன், பலித்திருந்தால் என்ன சொல்வான்? ஸ்டானிஸ் வென்று முடி சூடியிருந்தால் ஷிரீனின் சாம்பல் நியாயமாகிவிடுமா? கொடுத்த விலைக்குச் சரக்கு வரவில்லை என்று சண்டையிடுபவன் வணிகன், பகுத்தறிவாளன் அல்லன். இந்தப் பகுதியின் பெருமையே, பொய்க் கடவுள் என்னும் எளிய வழியை நமக்கு அடைத்துவிட்டு, மெய்யாகவே ஒரு கடவுள் இருந்து, மெய்யாகவே பனியை உருக்கித் தருவதாக இருந்தாலும், குழந்தையைக் கொடுப்பாயா என்று கேட்பதுதான்.

பழைய கேள்வி இது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான், கலங்கள் புறப்படக் காற்று வேண்டும் என்று மகள் இஃபிஜெனியாவைப் பலிபீடத்துக்கு அனுப்பினான். கிறித்து பிறப்பதற்கு முந்தைய முதலாம் நூற்றாண்டிலேயே, மதம் மனிதனை எத்தகைய கொடுமைக்குத் தூண்டும் என்பதற்குச் சான்றாக அந்தப் பெண்ணைத்தான் எடுத்துக்காட்டினான் உரோமப் புலவன் லுக்ரீஷியஸ். அக்கதையின் சில வடிவங்களில் கடைசி நொடியில் தேவதை பெண்ணை மறைத்து அவளிடத்தில் ஒரு மானை வைத்துவிடுகிறாள்; கேட்பவர் பெருமூச்சு விடுகின்றனர், கடவுளும் நல்லவராகிவிடுகிறார். எச்.பி.ஓ. கதையிலும் மான் இருக்கிறது. ஷிரீனின் கையில், மரத்தால் செய்த மான். அது அவளுக்கு ஈடாகவில்லை. அவளோடு சேர்ந்து கருகிற்று.

இன்னொன்று. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் இதே கூட்டம் கடற்கரையில் ஏழு கடவுளரின் சிலைகளைத் தீயிட்டது. முதன்முறை பார்த்தபோது நம் இளைஞர் பலர் கை தட்டியிருக்கக்கூடும். யார் கொளுத்துகிறார்கள், எதற்காகக் கொளுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தால் தட்டிய கை தாழ்ந்திருக்கும். ஏழு போய் ஒன்று வந்தது. மண்டியிட்ட முழங்கால் நிமிரவில்லை. மரச்சிலை எரிந்த அந்தத் தீ, பின்னர் மைத்துனனை எரித்தது, கைதியான அரசனை எரித்தது, மகளிடம் வந்து நின்றது.

2016-இல், ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில், கருகிய அந்த மரமானைக் கையில் எடுத்துக்கொண்டு டாவோஸ் பூசாரிணியை எதிர்கொள்கிறான். ஜான் ஸ்னோ உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் கண்டவன் அவன். செய்து பார் என்று அவளைக் கேட்டவனே அவன்தான். ஆகவே உன் கடவுள் இல்லை என்று அவன் வாதிடவில்லை. குழந்தையை எரிக்கச் சொல்லும் கடவுள் கொடிய கடவுள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். படிக்கத் தெரியாதிருந்தவன், அந்தச் சிறுமியிடம் எழுத்துக் கற்றவன், சொல்கிறான்!

அவளுக்குக் கிடைத்த தண்டனை நாடு கடத்தல் மட்டுமே. 2019-இல் திரும்பி வருகிறாள், போருக்குத் தீ மூட்டித் தருகிறாள், விடியலில் தானே கழுத்தணியைக் கழற்றி எறிந்து பனியில் நடந்து முதுமையடைந்து வீழ்கிறாள். இசையும் ஒளியும் அவளுக்கு மாண்பு சேர்க்கின்றன. ஆக்கியோர் மீது எனக்குள்ள பெருங்குறை அதுதான். அதற்கு முந்தைய பகுதியில், வரிசையில் நின்றோர்க்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த டாவோஸ் முன் முகத்தில் தழும்போடு ஒரு சிறுமி வந்து, நானும் போரிடுவேன் என்று நிற்கிறாள். அவன் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தச் சிறுமிக்கு ஒதுக்கிய நேரம், எரித்தவளின் இறுதி நடைக்கு ஒதுக்கிய மாண்பில் ஒரு பங்கு கூட இல்லை.